‘மெஷின் ஏத்துக்கல’... அப்போ பதில் சொல்றது யாரு?

உத்திரமேரூரோ உசிலம்பட்டியோ, ரேஷன் கடையில கைரேகை பதியலைன்னா வர்ற பதில்: ‘மெஷின் ஏத்துக்கல’. இ-சேவை மையத்துல: ‘சர்வர் டவுன்’. நாமும் மெஷினைத் திட்டிட்டு வீட்டுக்கு வந்துடுறோம்.

இது நம்ம ஊர் பழக்கம் மட்டுமில்லை. 1995-ல் வெளியான ஆய்வுக்காக அமெரிக்க ஆய்வாளர் பாட்யா ஃப்ரீட்மேன், கணினி அறிவியல் மாணவர்கள் 29 பேரிடம் பேசினார். கணினியின் தவறுக்குக் கணினியே தார்மிகப் பொறுப்பு என்றவர்கள் 21 சதவீதம். அதன் உள்விவரம் படித்தவர்களிலேயே ஐந்தில் ஒருவர்!

சிக்கல் என்னன்னா, மெஷினைத் திட்டலாம். கணக்குக் கேட்க முடியாது. கணக்குன்னா அதுக்கு ஒரு ஆள் வேணும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் (919, 921) சொல்லும் குடவோலை விதி இதுதான்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவருடைய உறவினர்கள் பெயரையும்தான்.

இன்றைய சட்டமும் ஆளைத்தான் கைகாட்டுது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ன்படி, மாவட்டந்தோறும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். கைரேகை பதியலைங்கிறதுக்காகப் பொருளை மறுக்கக் கூடாதுன்னு மத்திய அரசு 2017-லேயே மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கு. அடுத்த முறை மெஷின் மறுத்தா, 1967 என்ற உதவி எண்ணுக்கு போன் போடுங்க.