உஷார்! ‘கர்த்தர் எனக்குக் காட்டினார்’ என்று போன் வருகிறதா?

“சிஸ்டர், உங்க மகள் கல்யாணம் தடைபட்டு நிக்குது. கர்த்தர் எனக்குக் காட்டினார்.”

முன்பின் தெரியாத குரல் இப்படிச் சொன்னால், மதுரை அரசரடியில் இருந்தாலும் உசிலம்பட்டியில் இருந்தாலும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும். கொஞ்சம் பொறுங்கள். யூடியூப் ஜெப நேரலையில் பெயர், ஊர், போன் நம்பர், மகள் கல்யாணம் எல்லாவற்றையும் கமெண்டில் தட்டியது யார்? நீங்கள்தானே? ஊரே பார்க்க எழுதியதை எவன் வேண்டுமானாலும் எடுத்து, உங்களுக்கே ‘வெளிப்பாடு’ என்று வாசித்துக் காட்டலாம்.

அடுத்து என்ன வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். ‘விதை காணிக்கை’ போடுங்கள், க்யூஆர் கோடு அனுப்புகிறேன். இன்று ராத்திரிக்குள் போட வேண்டும். வீட்டுக்காரரிடம் சொல்லாதீர்கள், ஆசீர்வாதம் தடைபட்டுவிடும். காசு, அவசரம், ரகசியம். மூன்றும் சேர்ந்து வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

குஷ்டம் நீங்கிய நாகமான் கெஞ்சிக் கொடுத்தும் எலிசா கை நீட்டவில்லை. நாகமான் பின்னாலேயே ஓடிப் பொய் சொல்லி இரண்டு தாலந்து வெள்ளி வாங்கிய எலிசாவின் வேலைக்காரன் கேயாசியை அதே குஷ்டம் பிடித்தது. இரண்டாம் ராஜாக்கள் 5-ஆம் அதிகாரம். இன்றே ஒருமுறை வாசித்து வையுங்கள்.

ஞானம் குறைந்தவன் தேவனிடமே கேட்கலாம் என்கிறது யாக்கோபு நிருபம். நடுவில் காசு வாங்கிக்கொள்ளும் ஆளுக்கு அங்கே இடமே கிடையாது. பரத்திலிருந்து வரும் ஞானம் சாந்தமானது, இணங்கிப் போவது என்றும் அதே நிருபம் அடையாளம் சொல்கிறது. பயமுறுத்துகிற குரலை இதோடு ஒட்டிப் பாருங்கள்.

போன் வராமலும் நம்மில் சிலர் ஏமாறுகிறோம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டை ஆறுதலுக்கு நல்லது. என் பர்ஸிலும் ஒன்று இருக்கிறது. அதை நம்பி சுகர் மாத்திரையை நிறுத்துவதும் மனையை விற்பதும் வேறு கதை. ஜெபிக்கிறவரும் செய்ய வேண்டியதைச் செய்யத்தான் வேண்டும். 1606-ல் மதுரைக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, ஜெபித்தால் பாஷை தானாக வரும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. சிவதர்மர் என்ற பண்டிதரிடம் மாணவனாக உட்கார்ந்து சமஸ்கிருதம் படித்தார். அரசரடியில் 1969 முதல் இறையியல் கல்லூரியே இருக்கிற ஊர் இது. வேதத்தில் சந்தேகம் வந்தால் கேட்க ஆளா இல்லை?

உங்கள் சபைப் போதகரிடம் கேளுங்கள். உங்களைச் சின்ன வயதிலிருந்து அறிந்த மூப்பரிடம் கேளுங்கள். கல்யாண விஷயம் என்றால், முதலில் மகளிடம் கேட்டீர்களா?

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். நேரம் போகப் போகப் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிவிடும். சைபர் குற்ற உதவி எண் 1930. இப்போதே கூப்பிடுங்கள்.