விராலுக்கு எந்த ராடு?

தூண்டில் ராடு வாங்கப் போனால், கைப்பிடிக்குச் சற்று மேலே அச்சிட்டிருப்பதை முதலில் படியுங்கள். நீளம், எத்தனை கிராம் லூர் (செயற்கை இரை) வீசலாம், எத்தனை பவுண்டு நரம்பு போடலாம் என்பதெல்லாம் அங்கேயே இருக்கும். பெரும்பாலானோர் அதைப் பார்ப்பதே இல்லை.

ராடில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று வலு: அதை வளைக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பது. மற்றது வளைவு: எந்த இடத்தில் வளைகிறது என்பது. நுனிப்பகுதி மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், நடு வரை வளைந்தால் மாடரேட்.

இந்த வகைப்பாடு அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பவர்களிடம் நன்கு வளர்ந்தது. நம் ஏரிகளில் பாஸ் இல்லை. அந்த இடத்தில் இருப்பது விரால். காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் அடிக்கடி மேலே வரும். தாமரை இலை, ஆகாயத்தாமரை, கோரைப் புதர் என்று செடி அடர்ந்த இடத்திலேதான் பதுங்கியிருக்கும். அதற்கு ஏற்றது தவளை லூர். உள்ளே கூடான ரப்பர் உடம்பு. இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் செடியில் மாட்டாது. விரால் கவ்வியதும் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். ஆனால் விராலின் தாடை எலும்பு கெட்டியானது. அதில் முள் ஏற வேண்டுமானால் ஓங்கி இழுக்க வேண்டும். மாட்டியதும் செடிக்குள் பாயும் மீனின் தலையை அடுத்த நொடியே திருப்பவும் வேண்டும். அதனால் 7 அடி நீளம், ஹெவி வலு, ஃபாஸ்ட் வளைவு. நரம்பு பின்னல் நரம்பாக இருக்கட்டும். நைலான் இழுபடும், தூரத்தில் நீங்கள் இழுக்கும் வேகம் முள்ளுக்குப் போய்ச் சேராது.

பூலாம்பட்டி பக்கம் காவிரியின் திறந்த நீரில் இதே ராடு கெடுதல் செய்யும். அங்கே வீசுவது முக்கவர் முள் கட்டிய கிராங்க்பெயிட் லூர். சின்ன முள், மீன் ஓடும் வேகத்திலேயே தானாக மாட்டிக்கொள்ளும். விறைப்பான ராடால் வெடுக்கென்று இழுத்தால் வாய் கிழிந்து மீன் போய்விடும். அங்கே மீடியம் வலு, மாடரேட் வளைவு, முடிந்தால் கண்ணாடியிழை ராடு.

அடியில் நகரும் ரப்பர் புழுவுக்குக் கார்பன் ராடு நல்லது. மீன் தொடும் மெல்லிய அதிர்வும் கைக்கு வந்துவிடும். முன்பு கார்பன் கிடையாது: 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' எழுதிய சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் காலத்தில் மூங்கிலும் மரமும்தான் ராடு. கார்பன் வந்தது 1970களில்.

ஒரே ஒரு ராடுதான் வாங்க முடியும் என்றால், 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், 10 முதல் 30 கிராம் வரை வீசக்கூடிய ஸ்பின்னிங் ராடு வாங்குங்கள். எல்லா வேலைக்கும் முழுதாகப் பொருந்தாது என்றாலும், விராலுக்குக் குறை வைக்காது.

ஏரி குத்தகையில் இருந்தால் குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். சிவந்த விரால் குஞ்சுக் கூட்டம் மேலே புரளும் இடத்தில் தவளையை வீசாதீர்கள். கீழே தாய் தகப்பன் காவல் இருக்கின்றன. அவற்றைப் பிடித்தால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். தலைக்கு மேல் மின்கம்பி போகும் கரையில் நின்று ராடை ஓங்க வேண்டாம். இடி இடித்தால் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.