பெயர் ஒன்று, ஆள் வேறு

புணே நகரில் பணிபுரியும் செவிலியர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஜெர்மனியிலுள்ள மருத்துவமனையிலிருந்து அவருக்குப் பணி ஆணை வந்துவிட்டது. மொழித் தேர்விலும் தேறிவிட்டார். எஞ்சியிருப்பது ஒரே ஒரு தாள், காவல்துறையின் தடையின்மைச் சான்றிதழ். விண்ணப்பித்துச் சில வாரங்கள் கழிந்தபின் அவர் கைக்கு வருவது சான்றிதழ் அன்று. விளக்கம் கோரும் கடிதம். நாக்பூரிலுள்ள ஒரு காவல் நிலையத்தில் அவர் பெயரில் மோசடி வழக்கு ஒன்று பதிவாகியிருப்பதாக அக்கடிதம் கூறுகிறது. அந்நகரில் ஈராண்டுக் காலம் விடுதியில் தங்கிப் பணியாற்றியவர்தாம் அவர். ஆனால் எந்த வழக்கும் அவர் அறிந்ததில்லை. கடிதத்தில் உள்ள பெயர் அவருடையது. வழக்கில் உள்ள ஆள் வேறு.

இத்தகைய நிலை எவருக்கும் நேரலாம். அவ்வேளையில் சினமோ அச்சமோ பயன் தருவதில்லை. பெயர் என்பது ஓர் அடையாளம் மட்டுமே. அதனுடன் வேறு சில அடையாளங்களைச் சேர்த்து, எழுத்து மூலமாக, உரிய அலுவலரிடம் அளித்தால் இச்சிக்கல் தீரக்கூடியதே.

சான்றிதழ் வழங்கப்படும் முறை

பி.சி.சி. என்று சுருக்கமாக வழங்கும் இச்சான்றிதழை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர்க்குக் கடவுச்சீட்டு அலுவலகமே வழங்குகிறது. வெளிநாட்டு வேலை, நீண்டகால விசா, குடியேற்றம் ஆகியவற்றிற்கு இது தேவைப்படும். சுற்றுலா விசாவில் செல்வோர்க்கு இது வழங்கப்படுவதில்லை. பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் பதிவு செய்து, 500 ரூபாய் கட்டணம் செலுத்தி, குறித்த நாளில் மூல ஆவணங்களுடன் நேரில் செல்ல வேண்டும். 2022 செப்டம்பர் முதல் அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவா மையங்களிலும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

முன்னரே காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்து, முகவரியும் மாறாதிருப்பின் சான்றிதழ் விரைவில் கிடைத்துவிடுவதுண்டு. ஏனையோர் விண்ணப்பம் மாவட்டக் காவல்துறைக்கு அனுப்பப்படும். அங்கே நிலையப் பதிவேடுகளும், நாட்டின் காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். என்னும் கணினித் தொகுப்பும் பார்க்கப்படும். பெயர் பொருந்தினால் காவல்துறை பாதகமான அறிக்கை அனுப்பக்கூடும். அதன்பேரில் கடவுச்சீட்டு அலுவலகம் விண்ணப்பதாரரிடம் விளக்கம் கேட்கும். ஆகவே அக்கடிதம் தீர்ப்பு அன்று, கேள்வி மட்டுமே. இதனை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

பெயர்கள் ஏன் மோதுகின்றன?

லட்சுமி, குமார், மேரி, கான் போன்ற பெயர்கள் நாடெங்கும் பரவியவை. அதனுடன் எழுத்துக் கூட்டலின் வேறுபாடுகளும் சேர்கின்றன. ஒரே பெயரை ஒரு மாநிலக் காவலர் ஒருவிதமாகவும் மற்றொருவர் வேறுவிதமாகவும் பதிவு செய்வர். கணினியோ ஒத்த ஒலியுடைய பெயர்களையும் சேர்த்தே தேடித் தரும்.

தமிழர்க்கு மற்றொரு சிக்கலும் உண்டு. நாம் தந்தையின் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி முன்னே இடுகிறோம். கடவுச்சீட்டில் அது விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். ஆதாரில் எழுத்தாகவே இருக்கும். பள்ளிச் சான்றிதழில் பெயருக்குப் பின்னே வரும். திருமணத்திற்குப் பின் தந்தை பெயருக்குப் பதில் கணவர் பெயர் சேர்வதும் உண்டு. பதிவேட்டில் தலைப்பெழுத்து விடுபட்டுவிட்டால், வேற்று ஆளிடமிருந்து நம்மைப் பிரித்துக் காட்டும் வேலியும் அதனுடன் போய்விடுகிறது.

முதலில் செய்ய வேண்டியவை

வழக்கின் விவரத்தைக் கேட்டுப் பெறுவதே முதல் வேலை. குற்ற எண், ஆண்டு, காவல் நிலையத்தின் பெயர், சட்டப் பிரிவு ஆகிய நான்கும் இன்றி எந்த விளக்கமும் முழுமையாகாது. கடிதத்தில் அவை இல்லையெனில், கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழும் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசு அலுவலகங்களுக்கு அதன் கட்டணம் 10 ரூபாய், பதிலளிக்கப் பொதுவான காலவரம்பு 30 நாள்.

எண் கிடைத்தபின் முதல் தகவல் அறிக்கையைத் தேட வேண்டும். உச்ச நீதிமன்றம் 2016-இல் அளித்த தீர்ப்பின்படி, பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற நுண்ணிய வழக்குகள் நீங்கலாக, ஏனைய முதல் தகவல் அறிக்கைகள் காவல்துறை இணையதளத்தில் வெளியிடப்பட வேண்டும். ஆயினும் அவ்வறிக்கையில் சில வேளை வெறும் பெயர் மட்டுமே இருக்கும். குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருப்பின் அதில் எதிரியின் தந்தை பெயர், வயது, முகவரி ஆகியவை விரிவாக இருக்கும். வழக்கு நீதிமன்றத்தை அடைந்திருந்தால், இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாவட்டத்தையும் ஆண்டையும் குறித்துத் தேடி, 16 இலக்கங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணைப் பெறலாம். அதைக்கொண்டு நீதிமன்றத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம்.

நம் செவிலியரின் வழக்கில் குற்றப்பத்திரிகையே விடையைத் தருவதாகக் கொள்வோம். அதில் கண்ட பெண்ணுக்கு வயது 51, செவிலியருக்கு 29. தந்தை பெயரும் வேறு.

வேறுபாட்டை நிறுவும் ஆவணங்கள்

விளக்கக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அமைவது நன்று. இடப்புறம் வழக்கில் உள்ளவரின் விவரம், வலப்புறம் விண்ணப்பதாரரின் விவரம் என இரு பத்திகளாக எழுதினால் அலுவலர் ஒரே பார்வையில் வேறுபாட்டைக் காண்பார். தந்தை பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், அக்கால முகவரி, தொழில் ஆகியவற்றை வரிசையாகக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆவணத்தை இணைக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், கடவுச்சீட்டு, பணியிடத்தின் வருகைப் பதிவுச் சான்று முதலியவை இதற்கு உதவும். பெயர் ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருந்தால், அனைத்தும் ஒருவரையே குறிக்கின்றன என்னும் உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்ப்பது நல்லது.

வங்கிக் கணக்கும் இங்கே துணை நிற்கும். புகைப்படத்துடன் கூடிய, நடப்பிலுள்ள கணக்கின் பாஸ்புக் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் முகவரிச் சான்றாக ஏற்கப்படுவது பலர் அறிந்ததே. கணக்கு விவர அறிக்கையின் பயனைச் சிலரே எண்ணிப் பார்க்கிறார்கள். குறிப்பிட்ட மாதத்தில் ஊதியம் எந்த நிறுவனத்திலிருந்து வந்தது, எந்த ஊரின் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கப்பட்டது என்பவை அதில் பதிவாகியிருக்கும். அது தனித்து நின்று எதையும் மெய்ப்பிக்காது. பிற ஆவணங்களுக்கு வலுச் சேர்க்கும். பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி வங்கிகள் பரிவர்த்தனைப் பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். எனவே பழைய அறிக்கை தேவைப்படுவோர் காலந்தாழ்த்தாமல் கிளையை அணுகுவது நலம்.

விளக்கத்தின் ஒரு படியைக் கடவுச்சீட்டு அலுவலகத்திலும், மற்றொரு படியை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அல்லது மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்திலும் அளிக்க வேண்டும். அறிக்கையைத் திருத்தி மீண்டும் அனுப்பக்கூடியது காவல்துறையே என்பதால் இரண்டாவது படி இன்றியமையாதது. நேரில் அளித்தால் தேதியுடன் கூடிய ஒப்புகை பெற வேண்டும்; தொலைவிலிருந்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பாதுகாக்க வேண்டும். இடைத்தரகரிடம் பணம் கொடுப்பது சிக்கலைத் தீர்ப்பதில்லை. புதிய சிக்கலையே உண்டாக்கும்.

விரல் ரேகை சொல்லும் சான்று

பெயரும் வயதும் ஊரும் ஒத்துப்போய் ஐயம் நீங்காதபோது விரல் ரேகை துணைக்கு வருகிறது. உலகின் முதல் விரல் ரேகைப் பிரிவு 1897-இல் கல்கத்தாவில் அமைந்தது என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. எட்வர்ட் ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்திய அலுவலர்களின் உழைப்பு, ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு அடித்தளமாயிற்று. இன்று நாஃபிஸ் என்னும் தேசியக் கணினித் தொகுப்பில் கைதானோரின் ரேகைகள் சேர்க்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் 10 இலக்க எண் வழங்கப்படுகிறது.

வழக்கில் உள்ளவர் கைது செய்யப்பட்டு ரேகை எடுக்கப்பட்டிருந்தால், தம் ரேகையுடன் ஒப்பிட்டுப் பார்க்குமாறு விண்ணப்பதாரர் காவல்துறையிடம் எழுத்து மூலம் கோரலாம். கைதே நிகழாத வழக்கில் ஒப்பிட ரேகை இராது; அங்கே ஆவணங்களையே நம்ப வேண்டும். கனடா போன்ற நாடுகளிலும் பெயர்வழித் தேடலில் ஐயம் எழுந்தால் விரல் ரேகையைக் கொண்டே முடிவு செய்கிறார்கள்.

வழக்கு தம்முடையதாகவே இருந்தால்

ஓர் எச்சரிக்கை. என்றோ நிகழ்ந்த தகராறில் தம் பெயரும் சேர்க்கப்பட்டிருந்து, பின்னர் விடுதலையானவர்கள், அது வேறொருவர் வழக்கு என்று எழுதிவிடலாகாது. கடவுச்சீட்டுச் சட்டம், 1967-இன் 12-ஆம் பிரிவின்படி, அறிந்தே பொய்த் தகவல் அளித்தால் 2 ஆண்டுகள் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இவர்களுக்கு வேண்டியது விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகல். வழக்கு இன்னும் நிலுவையில் இருப்பின் வழக்கறிஞரின் ஆலோசனையுடன் நீதிமன்றத்தை அணுகுவதே முறை.

வங்கியிலும் இதே கேள்வி

ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி, ஐ.நா. பாதுகாப்பு மன்றம் தடை விதித்தோரின் பட்டியலுடன் வாடிக்கையாளர் பெயர்களை வங்கிகள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அங்கும் பெயரொற்றுமை நிகழலாம். அவ்வேளையில் கிளை அலுவலர் பிறந்த தேதியையோ தந்தை பெயரையோ கூடுதல் ஆவணத்தையோ கேட்டால், அது உங்களை ஐயுறுவது அன்று. உங்களை மற்றவரிடமிருந்து பிரித்தறியும் முயற்சியே. காவல்துறைக்கு அளித்த அதே ஆவணத் தொகுப்பு இங்கும் பயன்படும்.

நம் செவிலியருக்குத் திருத்திய அறிக்கை சென்று சான்றிதழ் கிடைத்துவிட்டது என்று கொள்வோம். அத்துடன் அவர் பணி முடிந்துவிடவில்லை. நாக்பூரின் பதிவேட்டில் அந்தப் பெயர் நீங்காமல் இருக்கும். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போதும் அது பொருந்தும். ஆகவே விளக்கக் கடிதம், ஒப்புகை, குற்றப்பத்திரிகை நகல், காவல்துறையின் பதில் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக் கடவுச்சீட்டுடன் பாதுகாக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு முயல்வோர், பணி ஆணை வரும் வரை காத்திராமல், தம் ஆவணங்களில் பெயர் ஒரே விதமாக உள்ளதா என்பதை இன்றே சரிபார்ப்பது நலம். தந்தை பெயரை ஓரெழுத்தாகச் சுருக்காமல் முழுமையாக எழுதும் பழக்கம் ஒன்றே பல மாத அலைச்சலைத் தவிர்க்கக்கூடும்.