காற்றுத் தடையும் குதிரைத் திறனும்

எதிர்க்காற்றில் மிதிவண்டி ஓட்டியவர் எவரும் காற்றின் தடையை அறிவர். காற்று அசையாதிருக்கும் நாளிலும் அத்தடை இல்லாமற் போவதில்லை. ஓடும் வண்டி தன் முன்னுள்ள காற்றை விலக்கிக்கொண்டே செல்ல வேண்டியிருக்கிறது. அதற்கான திறனை எஞ்சினே அளிக்க வேண்டும். வண்டியின் வேகத்தை இரட்டித்தால் இத்திறன் எவ்வளவு கூடும்? இரு மடங்கு என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அது எட்டு மடங்கு ஆகும்.

இதன் காரணம் எளிது. வேகம் இரட்டிக்கும்போது, ஒரு வினாடியில் வண்டி விலக்கும் காற்றின் அளவு இரு மடங்காகிறது. அக்காற்று தள்ளப்படும் வேகமும் இரு மடங்காகிறது. ஆகவே தடைவிசை நான்கு மடங்காகிறது. திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கிவரும் தொகை. நான்கு மடங்கு விசையை இரு மடங்கு வேகத்தில் வெல்ல, எட்டு மடங்கு திறன் தேவை. அதாவது, தடைவிசை வேகத்தின் வர்க்கத்திற்கேற்பவும், அதை வெல்லும் திறன் வேகத்தின் கனத்திற்கேற்பவும் வளர்கின்றன.

ஓர் உதாரணம் காண்போம். 1,200 கிலோகிராம் எடையும், 2 சதுர மீட்டர் முகப்புப் பரப்பும், 0.4 தடைக் குணகமும் உடைய மோட்டார் காரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை வெல்ல அதற்குச் சுமார் 3 குதிரைத் திறன் போதும். சக்கரங்கள் உருள்வதால் எழும் தடைக்கு ஏறத்தாழ மூன்றரை குதிரைத் திறன் தேவை. வேகம் 120 ஆகும்போது உருளல் தடைக்கு 7 குதிரைத் திறனே செலவாகிறது. காற்றுக்கோ 24 வேண்டும். 240 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மட்டுமே ஏறத்தாழ 190 குதிரைத் திறனை விழுங்கிவிடும்.

பந்தயக் கார்களை ஒத்த அதிவேக வண்டிகளிலும் இவ்விதியைக் காணலாம். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த புகாட்டி வேரான் கார், 1,001 குதிரைத் திறன் கொண்டு மணிக்கு ஏறத்தாழ 407 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. 2010இல் அதன் திருத்திய வகை 431 கிலோமீட்டரை எட்டியது. அதன் எஞ்சின் 1,200 குதிரைத் திறன் உடையது. வேகத்தில் கிடைத்த மிகுதி நூற்றுக்கு 6 பங்கே. திறனில் வேண்டியிருந்த மிகுதியோ நூற்றுக்கு 20 பங்கு.

எஞ்சினைப் பெருக்குவதைவிட வடிவத்தைத் திருத்துவது பல சமயங்களில் மேலானது. காற்றுக்கு நேரே நிற்கும் தட்டைப் பலகையின் தடைக் குணகம் ஒன்றுக்கு மேற்பட்டது. அதே முகப்புப் பரப்புள்ள நீர்த்துளி வடிவப் பொருளுக்கு அது சுமார் 0.05 மட்டுமே. முன்புறம் மழுங்கியும் பின்புறம் படிப்படியாகக் குறுகியும் இருப்பதால், காற்று சுழிக்காமல் அவ்வடிவத்தை ஒட்டியே வழுவிச் செல்கிறது. அதிவேக ரயில்களின் முகப்பு நீண்டிருப்பதும் காற்றை இணக்கமாக விலக்குவதற்கே. இதற்கு மாறாக, கூரைமீது ஏற்றிய மூட்டைகள் முகப்புப் பரப்பைக் கூட்டிக் காற்றைச் சுழிக்கச் செய்கின்றன.

கள ஊழியர்கள் இதிலிருந்து ஒரு நன்மை பெறலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 80 ஆகக் குறைத்தால் காற்றுத் தடை நூற்றுக்கு 36 பங்கு குறைகிறது. அதை வெல்லும் திறன் ஏறத்தாழப் பாதியாகிறது. 100 கிலோமீட்டர் பயணத்தில் இதனால் கூடும் நேரம் 15 நிமிடமே. ஆயினும் கீழ்க் கியரில் மிக மெதுவாக ஓட்டுவது சிக்கனம் ஆகாது.

ஆசிரியர்கள் ஒரே அளவுள்ள இரு தாள்களை எடுத்து, ஒன்றைக் கசக்கி உருண்டையாக்கி, இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து விடலாம். எடை ஒன்றாயினும் உருண்டை முந்தி விழும். பரப்பும் வடிவமும் தடையை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை மாணாக்கர் கண்ணாரக் காண்பர். பின்னர் 1, 2, 3 என்னும் எண்களின் வர்க்கத்தையும் கனத்தையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், வேகத்திற்கு நாம் கொடுக்கும் விலை அவர்களுக்கு நன்கு விளங்கும்.