ஏலாக்குறிச்சி என்னும் திருக்காவலூர்

மாணவர்களே, கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில், ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் உள்ளது. 1701-இல் தஞ்சை மராட்டிய மன்னர் சகஜியின் ஆட்சியில் கிறித்தவர்கள் பெருந்துன்பத்துக்கு உள்ளாயினர். அந்நாளில் கொள்ளிடம் வெறும் ஆறன்று, அரசின் எல்லை. அக்கரையில் அரியலூர்ப் பாளையக்காரரின் ஆட்சி நடந்தது. தஞ்சையின் ஆணை அங்கே செல்லாது. ஆகவே, வயலையும் வீட்டையும் விட்டு வந்தோர்க்கு அவ்வூர் புகலிடமாயிற்று.

பின்னர் அங்கே பங்குப் பணி புரிந்தவர், 1680-இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர். சதுரகராதி தந்த அறிஞராகவே அவரை நாம் பாடநூல்களில் காண்கிறோம். அச்சிற்றூரின் குருவாக அவரை அறிந்தோர் சிலரே. அவர் எழுப்பிய கோயிலில் தேவமாதாவுக்கு வழங்கிய பெயர் அடைக்கல அன்னை. ஊருக்கும் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அதன்மீது ஒரு கலம்பகமும் பாடினார். மக்கள் வழக்கில் பழைய பெயரே நிலைத்தது.