சிரட்டையும் தடமும்

படி இறங்கும்போதெல்லாம் என் வலது முழங்கால் முறையிடும். வகுப்பறையில் முப்பதாண்டுகள் நின்ற கால் அது. முழங்காற் சில்லை நம்மவர் சிரட்டை என்பர், பொருத்தமான பெயர். தொடையென்பின் நுனியிலுள்ள பள்ளமே அதன் தடம். அத்தடத்தினின்று சில்லு வெளிப்புறமாக விலகி ஓடினால், குருத்தென்பு ஒரு பக்கமாகத் தேயும், நோவு பிறக்கும்.

1963இல் பெல்ஜிய வைத்தியர் போல் மக்கே ஒரு வழி கண்டார். சில்லின் தசைநார் பற்றியிருக்கும் கணைக்கால் என்பு மேட்டை அறுத்து, ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் முன்னே உயர்த்தினார். நெம்புகோலின் கை நீண்டது. சில்லின்மேல் அழுத்தங் குறைந்தது. ஆயினும், உயர்ந்த மேட்டின்மேல் தோல் இழுபட்டு ஆறாப் புண்ணானதும் உண்டு. அறுத்த என்பு பொருந்தவும் பல வாரங்கள் வேண்டும்.

அண்மைக் காலத்து எண்ணமோ வேறு. என்பை அறுக்காமலே, சிறு கீறலினூடாகத் தசைநாரின் அடியில் ஓர் உள்வைப்பைத் திருகாணிகளாற் பொருத்தி, அதனை முன்தள்ளி விடுவது. வேண்டாதபோது கழற்றவுங் கூடும் என்பதே என்னைக் கவர்ந்தது. மக்கேயின் கணக்கு அதுவே. வாள் மட்டும் இல்லை.

ஆவலோடு வைத்தியரிடம் கேட்டேன். அவர் நகைத்தார். “முதலிற் தொடைத்தசையைப் பலப்படுத்துங்கள், மாஸ்ரர். கத்தி பிறகு.”

இது நான்காவது மாதம். காலை தோறும் கட்டிலிற் கிடந்து காலை உயர்த்துகிறேன். நேற்று நூலகத்துப் படிகளில் ஏழாவது வரை கைபிடியைத் தொடாமல் இறங்கினேன், எட்டாவதிற் பற்றிக்கொண்டேன்.