பாவித்த பேனை வாங்கும்போது பெட்டியை நம்பாதீர்கள்

ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்த வெளிநாட்டு உறவுகள் திரும்பிப் போன பிறகு வவுனியா பசார் வீதிக் கடைகளைத் தேடிச் சில சாமான்கள் வரும். கைக்கடிகாரம், சென்ட் போத்தல், கமரா என்று வரும் வரிசையில் ஊற்றுப் பேனையும் உண்டு. லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் மகன், ஓய்வுபெற்ற அதிபரான தகப்பனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. மை நிரப்பி எழுதும் பொறுமை அவருக்கு இப்போது இல்லை. பெட்டியோடு நம்மிடம் வந்துவிடுகிறது.

"நானா, இது ஜேர்மன் சாமான், என்ன தருவீங்கள்?" என்று கேட்பவர் பெரும்பாலும் பொய் சொல்பவர் அல்லர். மகன் சொன்னதை அவர் நம்புகிறார். மகனோ எங்கோ மலிவு விலையில் தந்தவனை நம்பியிருக்கிறார். ஆகவே, விற்பவரின் முகத்தை வைத்துப் பொருளை மதிப்பிடும் நமது பழைய வியாபாரப் பழக்கம் இந்த இடத்தில் உதவாது.

பேனைதானே என்று இலேசாக எண்ண வேண்டாம். ஜேர்மனியின் ஹம்பர்க் நகரத்து மொன்ட் பிளாங் நிறுவனம் 1952 முதல் விற்கும் மைஸ்டர்ஸ்டுக் 149 என்ற பேனை, புதிதாக வாங்கினால் ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மேல். நமது காசில் மூன்று இலட்சம் ரூபாவுக்குக் குறையாது. சட்டைப் பையில் அடங்கும் சாமானுக்கு இவ்வளவு விலை என்றால் போலி செய்பவன் சும்மா இருப்பானா? அவன் முதலில் நகல் எடுப்பது பெட்டி, உத்தரவாதப் புத்தகம், மூடியின் வெள்ளை நட்சத்திரம், கிளிப்பில் உள்ள இலக்கம் ஆகியவற்றைத்தான். இவை செய்வதற்கு மலிவு. நாம் பார்க்க வேண்டியது செய்வதற்குச் செலவாகும் பகுதிகளை.

முதலாவது, மை ஏறும் விதம். 149, 146 ஆகிய இரண்டும் மைக்குழாய் மாற்றும் பேனைகள் அல்ல. பின்பக்கக் குமிழைத் திருகினால் உள்ளே பிஸ்டன் இறங்கி ஏறி, போத்தலில் இருந்து மையை உறிஞ்சும். எவ்வளவு மை மிச்சம் என்று காட்டும் சிறு சாளரமும் உண்டு. இந்தப் பொறியைச் சரியாகச் செய்யப் பணம் வேண்டும் என்பதால் போலிகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றினால் உள்ளே சாதாரண கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும். என் கடைக்கு வந்த ஒரு பேனையின் காகிதத்தில் 149 என்று அழகாக அச்சிட்டிருந்தது. திருகிப் பார்த்தால் பிளாஸ்டிக் குழாய். அதற்கு மேல் எதையும் பார்க்கத் தேவையிருக்கவில்லை. ஆனால் ஒரு விடயம்: அதே நிறுவனத்தின் 144, 145 ஆகியவை உண்மையிலேயே கார்ட்ரிட்ஜ் பேனைகள். எனவே எந்த மொடல் என்று முதலில் கேட்டுவிட்டுக் கழற்றுங்கள்.

இரண்டாவது நிப். நகைக்கு 916 எப்படியோ, நிப்புக்கு 585 என்றால் 14 கரட், 750 என்றால் 18 கரட். மைஸ்டர்ஸ்டுக் நிப்பில் 4810 என்றும் இருக்கும்; மொன்ட் பிளாங் மலையின் உயரம் அத்தனை மீற்றர் என்று கணக்கு. போலியிலும் இந்த எழுத்தெல்லாம் உண்டு. ஆனால் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கோடுகள் மழுங்கியிருக்கும். தங்க நிறமும் வெள்ளி நிறமும் சந்திக்கும் ஓரம் ஒன்றுக்குள் ஒன்று கசிந்திருக்கும். காந்தத்தைப் பிடித்தால் ஒட்டுகிறதா? அது தங்க நிப் அல்ல. ஒட்டாவிட்டால் தங்கம் என்று முடிவு செய்துவிடவும் வேண்டாம், ஒட்டாத மலிவு உலோகங்கள் எத்தனையோ உண்டு. நகைக்கடைக்குக் கொண்டுபோய் உரைகல்லில் மட்டும் தேய்த்துவிடாதீர்கள். பேனை அசலாக இருந்தால் நிப் கெட்டு, உள்ள விலையும் போய்விடும். அதிலுள்ள பொன்னை நிறுத்தால் பெரிய காசு வராது, விலை வேலைப்பாட்டுக்கே.

மூடியைக் கழற்றி, பலமான டோர்ச் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அசல் கறுப்பு மைஸ்டர்ஸ்டுக் பலவற்றில் அடர்ந்த சிவப்பு ஒளி கசியும். வெள்ளை நட்சத்திரம் மூடியோடு மூடியாகப் பதிந்திருக்க வேண்டும். நகத்தில் தட்டுப்பட்டால் சந்தேகப்படுங்கள். கிளிப் வளையத்தில் ஜேர்மனி என்ற சொல்லும் தொடர் இலக்கமும் இருப்பது 1990களுக்குப் பிந்திய பேனைகளில். அதற்கு முந்திய பழைய பேனையில் இலக்கம் இல்லை என்பதற்காக அதைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. இரண்டு பேனைகள் ஒரே இலக்கத்தோடு வந்தாலோ, சந்தேகத்துக்கே இடமில்லை.

நம் பகுதிக்கு அதிகம் வருவது பார்க்கர். அதில் ஒரு குழப்பம் இருக்கிறது. இந்தியாவில் லக்சர் நிறுவனம் முறையான உரிமத்தோடு பல ஆண்டுகள் பார்க்கர் பேனை செய்தது. இந்தியத் தயாரிப்பு என்று எழுதியிருந்தால் அது போலி அல்ல, விலைதான் குறைவு. இரும்பு நிப் போட்ட அத்தகைய பேனையை இங்கிலாந்துச் சாமான் விலைக்கு வாங்கினால் நட்டம் நமக்கே. பார்க்கர் சொனட் போலிகள் ஏராளம். நிப்பில் 18 கரட் என்று எழுதிவிட்டு உருக்குத் தகட்டில் முலாம் பூசியிருப்பார்கள். அம்புக்குறிக் கிளிப்பின் இறகுக் கோடுகள் கூர்மையாக இல்லாவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். பழைய பார்க்கர் 51 என்று சொல்லிக்கொண்டு வருவதை ஹீரோ 616ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே சீனத்து ஹீரோதான். நிப்பை மூடிய தோற்றம் இரண்டுக்கும் ஒன்று. ஹீரோ நல்ல பேனை, அதன் விலைக்கு. பெயர் பொறித்த இடம் சுரண்டப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள்.

இவை எல்லாம் பார்த்தும் மனம் தெளியாவிட்டால் வாங்காதீர்கள். அல்லது கொழும்புக்கோ சென்னைக்கோ போகும்போது காட்டிக் கேட்கலாம் என்று சொல்லி, பணம் கொடுக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். சென்னை பாரிமுனையில் ஜெம் அன்ட் கோ போன்ற பழைய பேனைக் கடைகள் உண்டு. அதே பாரிமுனைப் பக்கத்தில்தான் பர்மா பஜாரும் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி, போலி ஒன்று நம் கைக்கு வந்துவிட்டது, காசும் கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். "எனக்கு ஏமாற்றியதை நானும் தள்ளிவிடுகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். மதீனாக் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு, அதை மேலே மக்கள் பார்க்கும்படி வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சம்பவம் நாம் குத்பாவில் கேட்டதுதான். மழையில் நனைந்தது என்று அந்த வியாபாரி சொன்ன காரணம் உண்மையே. ஆயினும் மறைத்தது குற்றமாயிற்று. குறை தெரிந்த பிறகு வாய்மூடி விற்பது ஹலாலான இலாபம் அல்ல. வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமையும் ஷரீஅத்தில் இருக்கிறது. நாட்டுச் சட்டமும் அப்படியே: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் போலி வர்த்தகக் குறி கொண்ட பொருளை விற்பது குற்றம். ஏமாந்த வாடிக்கையாளர் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் முறையிடலாம்.

கொடுத்தவரிடமே திருப்பிக் கொண்டுபோவதுதான் வழி. அதற்கு வாங்கும் நாளிலேயே ஒரு துண்டு எழுதி வைத்திருக்க வேண்டும்: பேனையின் பெயர், மொடல், கிளிப் இலக்கம், கொடுத்த தொகை, போலி என்று தெரியவந்தால் இத்தனை நாளுக்குள் பணம் திரும்பும் என்ற ஒரு வரி, இரண்டு கையொப்பம். உண்மையாக விற்க வந்த அதிபர் ஐயா அதில் கையொப்பமிடத் தயங்கமாட்டார்.